இரண்டு அங்குலங்கள்: பண்டைய உடலளவு இலக்கணமும் இன்றைய உடற்கட்டுக் கலையும்

முன்னுரை

'எண்சாண் உடம்பு' என்பது தமிழ் வழக்கில் ஊறிப்போன தொடர். உடலின் உயரத்தைச் சுட்ட வந்த இத்தொடர் அளவுகோலை நாடவில்லை. அவரவர் கையை விரித்தால் கிடைக்கும் சாணையே அளவாகக் கொள்கிறது. நெட்டையருக்கும் எட்டுச் சாண். குட்டையருக்கும் எட்டுச் சாண். உடலை அளக்கும் கோல் அவ்வுடலிலேயே இருக்கிறது என்னும் கருத்து இத்தொடரில் பொதிந்துள்ளது.

'அங்குலம்' என்னும் சொல்லும் இவ்வகையில் நோக்கத்தக்கது. விரலைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த இச்சொல் சிற்ப நூல்களில் விரற்கடை அளவைக் குறித்தது. பிற்காலத்தில் அதே சொல் 2.54 செ.மீ. நீளமுள்ள 'இஞ்சு' என்னும் அளவிற்கும் பெயராயிற்று. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 'பதினாறு அங்குலக் கை', 'நாற்பத்தைந்து அங்குல மார்பு' என்று பேசப்படும்பொழுது வழங்குவது இந்த இரண்டாவது அங்குலமே. முதலாவது அங்குலம் உடலிலிருந்து பிறந்தது. இரண்டாவது அங்குலம் உடலுக்கு வெளியே நிலைபெற்றது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. பொருளின் பின்னுள்ள அழகுக் கொள்கையும் வேறு.

கிரேக்க, இந்திய மரபுகளின் உடலளவு இலக்கணங்கள் உடற்கட்டுக் கலையோடு எவ்வகையில் பொருந்துகின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பண்டைய எண்களை அப்படியே இன்றைய உடலுக்கு ஏற்றுவது பொருந்தாது என்பதும், அவ்வெண்களுக்கு அடிப்படையான நெறியே இன்றும் பயன்தருவது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. 

கிரேக்க மரபு: உறுப்புக்கு உறுப்பே அளவு

உடலளவு பற்றிய மேலைநாட்டுச் சிந்தனைக்குத் தொடக்கமாகக் கருதப்படுபவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிற்பி பாலிக்ளீட்டஸ். 'கானன்' என்னும் பெயரில் அவர் இயற்றிய நூல் இன்று கிடைக்கவில்லை. அந்நூலின் கொள்கைக்கு எடுத்துக்காட்டாக அவர் வார்த்த 'தோரிபோரோஸ்' (ஈட்டி ஏந்தியவன்) என்னும் வெண்கலச் சிலையும் கிடைக்கவில்லை. ரோமானியர் செய்த பளிங்குப் படிகளே எஞ்சியுள்ளன. பாம்பேயில் கண்டெடுக்கப்பட்டு இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள படி அவற்றுள் புகழ்பெற்றது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், பாலிக்ளீட்டஸின் கொள்கையைச் சுருக்கிச் சொல்கிறார். விரலுக்கு விரலும், விரல்கள் அனைத்திற்கும் உள்ளங்கையும் மணிக்கட்டும், அவற்றிற்கு முன்கையும், முன்கைக்கு மேற்கையும், இவ்வாறு எல்லா உறுப்பிற்கும் எல்லா உறுப்பும் இயைந்து நிற்பதே அழகு என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். எந்த உறுப்பும் தனித்து நின்று அழகாவதில்லை என்பது இதனால் பெறப்படும். கேலன் தரும் வைப்புமுறை விரலில் தொடங்குகிறது என்பதும் நோக்கத்தக்கது. சிறிய உறுப்பு பெரிய உறுப்பிற்கு அளவாக அமைகிறது.

இவ்விலக்கணம் மாறாத ஒன்றாக இருந்ததில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் லைசிப்பஸ் தலையைச் சிறிதாக்கி, உடலை மெலிதாக்கி, உருவம் உயர்ந்து தோன்றும்படி செய்தார் என்று பிளினி குறிப்பிடுகிறார். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் மூன்றாம் பகுதியில், முகம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, தலை எட்டில் ஒரு பங்கு, பாதம் ஆறில் ஒரு பங்கு என வகுத்தார். விரித்த கைகளின் அகலம் உயரத்திற்குச் சமம் என்பதும் அவர் கூற்று. லியோனார்டோ டா வின்சி 1490-ஐ ஒட்டி வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இக்கூற்றின் காட்சி வடிவமே. ஆகவே 'கிரேக்க இலக்கணம்' என்று ஒற்றை எண்தொகுதியைச் சுட்டுவது வரலாற்றோடு முரண்படும். ஒரே பண்பாட்டிற்குள் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் எண்கள் மாறின. உறுப்புக்கு உறுப்பே அளவு என்னும் நெறி மட்டும் மாறவில்லை.

இந்திய மரபு: தாளமும் அங்குலமும்

இந்தியச் சிற்ப நூல்கள் இந்நெறியை இன்னும் தெளிவாக வகுத்துள்ளன. 12 அங்குலம் கொண்டது ஒரு தாளம். சிற்ப நூல்கள் அங்குலத்தை மூவகையாகப் பிரிக்கின்றன. தானிய மணிகளின் அளவைக்கொண்டு பெறப்படுவது மானாங்குலம். ஒருவரின் நடுவிரலின் இடைக்கணுவைக்கொண்டு பெறப்படுவது மாத்திராங்குலம். சிலையின் உயரத்தையே உரிய தாள அளவிற்கேற்ப 108 எனவோ 124 எனவோ சமபங்குகளாக வகுத்து, அவற்றுள் ஒரு பங்கை அங்குலமாகக் கொள்வது தேகலப்தாங்குலம். உடலிலிருந்து பெறப்பட்ட அங்குலம் என்பது இதன் பொருள். இதனால் ஒரு சாண் உயரப் படிமத்திற்கும் இருபதடி உயரப் படிமத்திற்கும் இலக்கணம் ஒன்றாகவே அமைகிறது.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் படிமத்தின் முகம் 'அதன் சொந்த அங்குலத்தால்' 12 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறார். உடனே, நக்னஜித் என்னும் ஆசிரியர் முகத்தின் நீளத்தை 14 அங்குலம் எனக் கூறுவதாகவும், அது 'திராவிட' அளவு எனவும் பதிவு செய்கிறார். தென்னாட்டிற்கெனத் தனித்த முக அளவு ஒன்று வழங்கியதை வடபுலத்து நூலாசிரியர் மறுக்காமல் எடுத்துரைப்பது சிறப்பாக நோக்கத்தக்கது. அழகின் அளவு நாட்டுக்கு நாடு மாறலாம் என்பதை அந்நூல் ஏற்றுக்கொள்கிறது.

நவதாளப் பகுப்பில் உடலின் அமைப்பு கீழ்வருமாறு அமையும்: முகம் 12 அங்குலம், கழுத்து 4, கழுத்தடி முதல் மார்பு வரை 12, மார்பு முதல் கொப்பூழ் வரை 12, கொப்பூழ் முதல் குறி வரை 12, தொடை 24, முழங்கால் 4, முழங்காலுக்குக் கீழுள்ள கால் 24, பாதத்தின் உயரம் 4. ஆக மொத்தம் 108 அங்குலம். முகமே இங்கு அடிப்படை அலகு. அதன் மூன்றில் ஒரு பங்கு கழுத்தும் முழங்காலும் பாதமும். அதன் இருமடங்கு தொடையும் கீழ்க்காலும். தொடையும் கீழ்க்காலும் நீளத்தால் சமமாக நிற்கின்றன.

தாளங்கள் பலவாக இருப்பது இந்திய மரபின் தனிச்சிறப்பு எனலாம். கோபிநாத ராவ் 1920-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாகக் கொணர்ந்த தாளமானம் பற்றிய ஆய்வு இவ்வகைப்பாட்டை ஆராய்வோர்க்கு இன்றும் துணைநிற்பது. முதன்மைத் தெய்வங்களுக்கு 124 அங்குலமுடைய உத்தம தசதாளம். தேவியருக்கு 120 அங்குலமுடைய மத்திம தசதாளம். மனிதருக்கு எட்டுத் தாளம். விநாயகருக்கு ஐந்து தாளம். சிறாருக்கு நான்கு தாளம் என இவ்வரிசை செல்லும். சாணும் தாளமும் 12 அங்குலமே ஆதலின் எட்டுத் தாளம் எண்சாணுக்கு நேர். தமிழரின் பேச்சு வழக்கும் சிற்பியரின் கணக்கும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. ஐந்து தாள விநாயகர் பத்துத் தாளத் திருமாலைவிட அழகில் குறைந்தவர் என எந்தச் சிற்பியும் கூறுவதில்லை. ஒவ்வொரு வடிவமும் தனக்குரிய தாளத்தில் நிறைவு பெறுகிறது.

மனித உடலைப் பற்றித் தனியே பேசும் பகுதியும் பிருகத் சம்ஹிதையில் உண்டு. அன்னம், சசம், ருசகம், பத்திரம், மாளவ்யம் என்னும் ஐவகை மேன்மக்களின் உயரம் 96 அங்குலத்தில் தொடங்கி மும்மூன்றாக ஏறி 108-இல் முடிகிறது. ஐவருக்கும் விரித்த கைகளின் அகலம் உயரத்திற்குச் சமம். விட்ருவியஸ் கூறியதும் இதுவே. இவ்வாறு சமமாக அமைந்த உடலை ஆலமரத்திற்கு ஒப்பிட்டு 'நியக்ரோத பரிமண்டலம்' என வழங்குவர். புத்தரின் முப்பத்திரண்டு இலக்கணங்களுள்ளும் இது இடம்பெறுகிறது. எனினும் இப்பகுதி, மக்களின் ஊழையும் ஆட்சிப் பேற்றையும் உடலமைப்பால் முன்னறிய முனையும் சாமுத்திரிக நோக்குடையது. உடலைப் பயிற்சியால் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இதில் இல்லை. பிறப்பால் அமைந்ததைப் படிப்பதே அதன் வேலை. பண்டைய இலக்கணத்தைப் பயிற்சிக்குரிய அட்டவணையாகக் கொள்ள விழைவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

ஆறு அளவைகளும் பயிற்சியின் எல்லையும்

உயரக் கணக்கோடு சிற்ப நூல்கள் நிற்பதில்லை. மானம், பிரமாணம், உன்மானம், பரிமாணம், உபமானம், லம்பமானம் என ஆறு அளவைகளை அவை கூறுகின்றன. மானம் நீளம், பிரமாணம் அகலம், உன்மானம் பருமன் அல்லது முன்பின் கனம், பரிமாணம் சுற்றளவு, உபமானம் உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெளி, லம்பமானம் தூக்குநூல் விட்டு அறியும் நேர்நிலை. இவ்வாறனைத்தையும் உடற்கட்டுக் கலையோடு ஒப்பிடும்பொழுது இக்கட்டுரையின் மையச் சிக்கல் புலனாகிறது.

மானம் எலும்பைச் சார்ந்தது. வளர்ந்த மனிதனின் தொடை நீளத்தையோ கை நீளத்தையோ எந்தப் பயிற்சியும் மாற்றாது. பாலிக்ளீட்டஸ், விட்ருவியஸ், வராகமிகிரர் ஆகியோரின் எண்களுள் பெரும்பாலானவை நீளத்தைப் பற்றியவை. ஆகவே அவ்வெண்களை அடையும் இலக்காக ஓர் இளைஞன் கொள்வானாயின் தன்னால் இயலாத ஒன்றிற்காக அவன் உழைக்கிறான். பிரமாணம் ஓரளவே நெகிழும். தோளின் அகலத்தைக் காறை எலும்பு வரையறுக்கிறது; அதன்மேல் தோள் தசையையும் முதுகின் விரிதசையையும் வளர்த்து அகலத்தைக் கூட்டலாம். உன்மானமும் பரிமாணமும் பயிற்சிக்கு மிகுதியும் இணங்குவன. மார்பின் கனம், மேற்கையின் சுற்று, கெண்டைக்காலின் திரட்சி ஆகியன இவற்றுள் அடங்கும்.

எஞ்சிய இரண்டும் இன்றைய பயிற்சிக் கூடங்களில் பெரிதும் மறக்கப்படுவன. முதுகின் விரிதசையை மட்டும் வளர்த்தவனுக்குக் கை உடலை ஒட்டித் தொங்குவதில்லை. இயல்பாக நிற்கும்பொழுது கைக்கும் விலாவிற்கும் இடையிலுள்ள வெளி மாறிவிடுகிறது. இது உபமானம் பற்றிய செய்தி. நெஞ்சுத் தசைக்கே பயிற்சி தந்து முதுகைப் புறக்கணித்தவனின் தோள் முன்னோக்கிச் சரிகிறது; பக்கவாட்டில் தூக்குநூல் விட்டால் காதும் தோளும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. இது லம்பமானம் பற்றிய செய்தி. அளவு நாடாவால் இவ்விரண்டையும் அளக்க இயலாது. நாடா பரிமாணம் ஒன்றையே அறியும். ஆறு அளவைகளுள் ஒன்றை மட்டும் கைக்கொண்டு ஏனைய ஐந்தையும் கைவிட்டதே அங்குல நாடா ஏற்படுத்திய குறை எனலாம்.

ஆணழகன் போட்டிகளில் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய நிலைகளில் உடலைக் காட்டும் முறை உள்ளது. நடுவர்கள் நாடாவை எடுப்பதில்லை, கண்ணாலேயே ஒப்பிடுகின்றனர். பயிற்சிக் கூடத்தில் சுற்றளவும் மேடையில் முழுவுருவமும் ஆட்சி செய்கின்றன என்னும் இம்முரண் எண்ணத்தக்கது.

சிலையிலிருந்து உடலுக்கு: சாண்டோ

இக்கால உடற்கட்டுக் கலையின் தந்தை எனப்படுபவர் யூஜின் சாண்டோ (1867-1925). சிறுவயதில் இத்தாலிக்குச் சென்று பண்டைய சிலைகளைக் கண்டதே தமக்கு ஊக்கம் தந்தது எனத் தம் நூலில் அவர் குறிப்பிடுகிறார். தண்டில் சாய்ந்து நிற்கும் ஃபார்னீஸ் ஹெர்குலிஸ் சிலையின் நிலையில் அவர் எடுத்துக்கொண்ட ஒளிப்படங்கள் பெரும்புகழ் பெற்றன. அச்சிலை மூன்று மீட்டருக்கும் மேலான உயரமுடையது. அதன் கைச்சுற்றை அங்குலக் கணக்கில் எந்த மனிதனும் அடைதல் இயலாது. சிலையைப் பின்பற்றுபவன் அதன் விகிதத்தை மட்டுமே பின்பற்ற முடியும். ஆதலின் உடற்கட்டுக் கலை தன் பிறப்பிலேயே விகிதக் கலையாகத்தான் அமைய வேண்டியிருந்தது.

1901 செப்டம்பர் 14-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சாண்டோ நடத்திய போட்டி இதனை உறுதி செய்கிறது. அவருடன் நடுவராக அமர்ந்தோர் சிற்பி சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் ஆகிய இருவர். நடுவர் குழுவில் ஒரு சிற்பி இடம்பெற்றது தற்செயலாகத் தோன்றவில்லை. தசையின் பருமனை மட்டும் கருதாமல் உடல் முழுவதும் ஒத்த வளர்ச்சி, திசுக்களின் திண்மை, பொதுவான உடல்நலம், தோலின் நிலை ஆகியவற்றைக் கருதிப் பரிசு வழங்கப்பட்டது. முதற்பரிசு பெற்ற நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரேவுக்கு வழங்கப்பட்டது சாண்டோவின் உருவச் சிலையே. அதே ஆண்டில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காகச் சாண்டோவின் உடல் சாந்தில் அச்செடுக்கப்பட்டது. சிலையைப் பார்த்து உடலைச் செய்தவன் மீண்டும் சிலையாக்கப்பட்டான். 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு வழங்கப்படுவதும் சாண்டோவின் சிலையேயாகும்.

சாண்டோ 1904-1905-இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். இந்திய உடற்பயிற்சி மரபோடு மேலைநாட்டு உடற்கட்டு இணைந்ததற்குப் பெங்களூரின் கே.வி. ஐயர் சிறந்த எடுத்துக்காட்டு. பளுப்பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் இணைத்த அவருடைய ஒளிப்படங்கள் கிரேக்கச் சிலைகளின் நிலைகளை நினைவூட்டுவன. பயிற்சியில் இந்திய முறைகளை ஏற்றவர்கள், உடலின் இலட்சிய வடிவத்தைக் கிரேக்கத்திலிருந்து பெற்றனர் என்பது இதனால் தெரியவருகிறது.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்தியச் சிற்பம் தசையைத் தனித்துக் காட்டுவதில்லை. மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளில் வாயிற்காவலர் சிலர் பெருந்தண்டில் சாய்ந்து நிற்பர். நிலையால் அவர்கள் ஃபார்னீஸ் ஹெர்குலிஸுக்கு உறவினர், உடலால் அல்லர். ஹெர்குலிஸின் உடலில் ஒவ்வொரு தசையும் பிளவுபட்டுத் தனித்தனியே எழுகிறது. பல்லவக் காவலனின் உடலில் தோள் விரிவும் மார்பின் நிறைவும் உண்டு. தசைப் பிளவு இல்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் இவ்வியல்பைக் காணலாம். உள்ளே நிறைந்த மூச்சே இந்தியச் சிற்பத்தின் உடலுக்கு வடிவம் தருகிறது என்னும் ஸ்டெல்லா கிராம்ரிஷ் போன்றோரின் விளக்கம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவனீந்திரநாத் தாகூர் 1914-இல் வெளியிட்ட இந்தியக் கலை உடலமைப்பு பற்றிய குறிப்புகளில் ஆணின் உடற்பகுதி பசுவின் முகத்திற்கு ஒப்பிடப்படுகிறது. மேலே அகன்று கீழே ஒடுங்கும் அவ்வடிவம், இன்று 'வி' வடிவ உடல் என்று பயிற்சியாளர் போற்றுவதற்கு ஒத்தது. ஆயின் தசைப் பிளவைப் போற்றும் கலைக்குத் தாளமானம் நேரடி வழிகாட்டியாக அமையாது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பொன் விகிதம் என்னும் பிற்காலப் புனைவு

உடற்கட்டு பற்றிய நூல்களில் 1.618 என்னும் பொன் விகிதம் கிரேக்கரின் உடலழகு இரகசியமாகக் கூறப்படுகிறது. தோளின் சுற்றளவு இடையின் சுற்றளவைப்போல் 1.618 மடங்கு இருக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. 32 அங்குல இடையுடையவனுக்குத் தோள்சுற்று ஏறத்தாழ 51.8 அங்குலம் வேண்டும் என்றாகும்.

இவ்விதியைப் பண்டையோர் மேல் ஏற்றுவதற்குச் சான்று இல்லை. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் இவ்விகிதத்தை வடிவியல் சார்ந்த ஒன்றாகவே விளக்கினார். மனித உடலோடு தொடர்புபடுத்தவில்லை. விட்ருவியஸ் தருபவை எல்லாம் எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னங்கள். 'தெய்விக விகிதம்' பற்றி 1509-இல் நூல் வெளியிட்ட லூக்கா பாச்சோலியும் உடலளவைக் கூறுமிடத்து விட்ருவியஸின் பின்னங்களையே பின்பற்றினார். மனித உடல் முழுவதையும் பொன் விகிதத்தால் விளக்க முனைந்தவர் ஜெர்மானியரான அடால்ஃப் சைசிங். அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1854. எனவே பழமையின் பெயரால் இன்று வழங்கும் இவ்விதி 19-ஆம் நூற்றாண்டின் கருத்தொன்றிலிருந்து கிளைத்ததாகும். அகன்ற தோளும் ஒடுங்கிய இடையும் அழகு என்னும் எண்ணம் பழமையானது; அதற்குத் தரப்பட்ட மூன்று பதின்மத் துல்லியம் புதியது. பண்டைய இலக்கணத்தைப் போற்றுவோர் முதலில் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

மணிக்கட்டே அங்குலம்

உடற்கட்டுக் கலையிலேயே பண்டைய நெறியோடு உண்மையில் ஒத்துச் செல்லும் ஒரு மரபு உண்டு. 1960-களில் எழுதிய ஜான் மெக்கல்லம் மணிக்கட்டை அலகாகக் கொண்டு ஒரு கணக்கை வகுத்தார். மணிக்கட்டின் சுற்றளவைப்போல் ஆறரை மடங்கு மார்பு. மார்பில் 70 விழுக்காடு இடை. 53 விழுக்காடு தொடை. 37 விழுக்காடு கழுத்து. 36 விழுக்காடு மேற்கை. 34 விழுக்காடு கெண்டைக்கால். இதன்படி 7 அங்குல மணிக்கட்டு உடையவனுக்கு மார்பு 45.5 அங்குலமும் மேற்கை 16.4 அங்குலமும் அமையும். 6 அங்குல மணிக்கட்டு உடையவனுக்கு மார்பு 39 அங்குலமும் மேற்கை 14 அங்குலமுமே போதும். இருவரும் ஒரே அளவில் நிறைவு பெற்றவர்களே.

1947-இல் மிஸ்டர் அமெரிக்கா பட்டமும் 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டமும் பெற்று, 1958-இல் வெளிவந்த 'ஹெர்குலிஸ்' திரைப்படத்தில் நடித்த ஸ்டீவ் ரீவ்ஸும் இவ்வழியினர். மேற்கை மணிக்கட்டில் 252 விழுக்காடு, கெண்டைக்கால் கணுக்காலில் 192 விழுக்காடு, தொடை முழங்காலில் 175 விழுக்காடு என அவர் வகுத்தார். தசைக்கு அதன் அருகிலுள்ள எலும்பு மூட்டே அலகு. கழுத்தும் மேற்கையும் கெண்டைக்காலும் ஒரே சுற்றளவாக அமைவதை அவர் இலட்சியமாகக் கொண்டார்.

இக்கணக்குகளில் மணிக்கட்டும் கணுக்காலும் தேகலப்தாங்குலத்தின் பணியைச் செய்கின்றன. பயிற்சியால் மாறாத எலும்பு, மாறும் தசைக்கு அளவாகிறது. மெக்கல்லமோ ரீவ்ஸோ சிற்ப நூல்களைப் பார்த்து இதனை அமைத்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. உடலின் ஒருமைப்பாட்டைக் கருதுவோர் உடலிலேயே அலகைத் தேடுவர் என்பதே இவ்வொற்றுமையின் பொருள். அதே வேளையில் இவர்கள் தரும் விழுக்காடுகளும் அவரவர் கண்ணுக்கு நன்றெனப்பட்டவையே. பாலிக்ளீட்டஸின் தலையை லைசிப்பஸ் சிறிதாக்கியதுபோல் இவ்வெண்களும் மாறலாம்.

அளவு பெருத்தலும் அதன் விலையும்

1958-இல் டயனபால் என்னும் வளர்மாற்ற ஊக்க மருந்து சந்தைக்கு வந்தது. 1965-இல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டி தொடங்கியது. 1977 முதல் 1979 வரை அப்பட்டத்தை வென்ற ஃபிராங்க் சேன் ஏறத்தாழ 185 பவுண்டு எடையில் விகித அழகிற்குப் பெயர்பெற்றவர். 1998 முதல் 2005 வரை எட்டு முறை வென்ற ரோனி கோல்மன் 2003-இல் 290 பவுண்டை நெருங்கிய எடையில் மேடையேறினார். இருபத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. உறுப்புகளின் இயைபு பின்சென்று உறுப்புகளின் பருமன் முன்வந்தது.

இம்மாற்றம் மேடையோடு நின்றுவிடவில்லை. தன் உடல் போதிய பருமன் பெறவில்லை என இடையறாது வருந்தும் மனநிலைக்கு ஹாரிசன் போப் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் 1997-இல் 'தசைசார் உருவச்சிதைவு எண்ணம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். நாடா காட்டும் எண்ணிற்கு மேல்வரம்பு கிடையாது. பதினாறு அங்குலம் அடைந்தவனுக்குப் பதினேழு தேவைப்படுகிறது. பதினேழு அடைந்தவனுக்குப் பதினெட்டு. விகிதத்திற்கோ வரம்பு உண்டு. ஓர் உறுப்பு மிகுந்தால் ஏனையவற்றோடு அதன் இயைபு கெடும். எங்கு நிறுத்துவது என்பதை விகிதம் சொல்கிறது. வெளியிலிருந்து வந்த அங்குலம் சொல்வதில்லை. பண்டைய இலக்கணத்தின் இன்றைய பயன் இதுவே என்பது தெளிவு.

போட்டி உலகமும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 2016-இல் மிஸ்டர் ஒலிம்பியா மேடையில் 'கிளாசிக் ஃபிசிக்' என்னும் பிரிவு தொடங்கப்பட்டது. போட்டியாளரின் உயரத்திற்கேற்ப எடைக்கு மேல்வரம்பு இப்பிரிவில் உண்டு. மாறாத எலும்பு மாறும் தசைக்கு எல்லையாவது மீண்டும் இங்கு நிகழ்கிறது. ஆயின் எடை வரம்பு மட்டும் இயைபைத் தந்துவிடாது. ஊக்க மருந்துச் சிக்கலையும் அது தீர்ப்பதில்லை.

விகிதமும் ஒற்றை எண்ணாக இறுகினால் கொடுங்கோலாக மாறும் என்பதையும் கூறுதல் கடன். குறுகிய காறை எலும்புடையவனிடம் 1.618-ஐக் கேட்பது, நெட்டையரின் கைச்சுற்றைக் குட்டையரிடம் கேட்பதை ஒத்தது. இதற்கு மாற்று தாளங்களின் பன்மையில் உள்ளது. 1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்ற வங்காளத்தின் மனோகர் ஐச் 4 அடி 11 அங்குல உயரமே உடையவர். 1912-இல் பிறந்து 2016-இல் மறைந்த அவரை மக்கள் 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என அன்புடன் அழைத்தனர். உயரப் பிரிவுகள் இல்லாத போட்டியில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயம். உயரப் பிரிவு என்பது ஒருவகையில் தாளப் பிரிவே. அவரவர் தாளத்தில் அவரவரை அளந்ததால் அவருடைய உடல் நிறைவுடையதாகக் காணப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் கீழ்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பண்டைய இலக்கணங்களின் எண்கள் பெரும்பாலும் எலும்பின் நீளம் பற்றியவை. அவை பயிற்சிக்குரிய இலக்குகள் ஆகா. பழமையின் பெயரால் வழங்கும் பொன் விகித விதி பண்டையோருடையது அன்று. பயிற்சியாளர் பண்டை மரபிடம் கற்க வேண்டியவை மூன்று: அலகை உடலிலிருந்தே பெறுதல், சுற்றளவோடு ஏனைய ஐந்து அளவைகளையும் நோக்குதல், ஒவ்வோர் உடலையும் அதற்குரிய தாளத்தில் வைத்து மதிப்பிடுதல்.

தமிழில் இப்போட்டிக்கு வாய்த்த பெயர் 'ஆணழகன் போட்டி' என்பதாகும். வலிமையையோ பருமனையோ சுட்டாமல் அழகைச் சுட்டும் பெயர் இது. உடலைக் குறிக்கும் 'யாக்கை' என்னும் பழஞ்சொல்லும் கட்டப்பட்டது என்னும் பொருளுடையது. கட்டு என்பது பல உறுப்புகளின் பிணைப்பு. ஓர் உறுப்பைப் பெருக்குவது கட்டு ஆகாது. பயிற்சிக் கூடத்தில் கண்ணாடி முன் நாடாவுடன் நிற்கும் இளைஞன் தன் கையை அயலான் கையோடு ஒப்பிடுவதற்கு முன் தன் மணிக்கட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பானாயின், எண்சாண் உடம்பு என்னும் வழக்கின் பொருளை அவன் உணர்ந்தவனாவான்.